ராத்திரி பதினொரு மணிக்கு எந்த மருத்துவமனை? டெல்டா குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக் கேள்விகள்

பாபநாசம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிர்க் காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்தவர்கள், ஓய்வுக்குப் பிறகு மருத்துவக் காப்பீட்டுக் காகிதங்களோடு வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் ஏஜெண்ட் அல்ல, எந்த நிறுவனத்துக்கும் பாலிசி விற்பதில்லை.

எத்தனையோ திட்டங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

விளம்பரத்தையும் பிரீமியத்தையும் பிறகு பார்க்கலாம். முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்?

கும்பகோணத்துக்காரர் உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சொல்வார். இல்லையென்றால் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையைச் சொல்வார். மயிலாடுதுறைக்காரர் கும்பகோணமா, சிதம்பரமா, காரைக்காலா என்று யோசிப்பார். வேதாரண்யத்துக்காரருக்குத் தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வசதியுள்ளவர்கள் நேராகத் திருச்சி என்பார்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டாவதாக ஒரு பெயரும் எழுதுங்கள். அதன் பிறகு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த இரண்டு மருத்துவமனைகளிலும் இது செல்லுமா என்பதுதான். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆயிரம் மருத்துவமனைகள் பட்டியலில் இருப்பதால் திருத்துறைப்பூண்டிக்காரருக்கு என்ன பயன்?

எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதற்கு மேல் காசு கொடுத்து பாலிசி வேண்டுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பெரும்பாலான வீடுகளுக்கு அந்த அட்டையே அடித்தளம், அதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடும் இணைக்கப்பட்டது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் கிடையாது, வயது வரம்பு கிடையாது. முக்கியமாக, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலமும் (பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் தராத ஆண்டுகள்) கிடையாது. சர்க்கரை நோய் முற்றி டயாலிசிஸ் வரை போனவருக்குத் தனியார் நிறுவனம் எதுவும் எளிதில் கதவைத் திறக்காது. இந்த அட்டை திறக்கிறது.

எங்கே இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் அது செல்லும். ஒவ்வொன்றுக்கும் அரசு நிர்ணயித்த ஒரு மொத்தத் தொகை உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும்தான் செல்லும். தனியார் மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருந்தாலும் எல்லாத் துறைக்கும் சேர்ந்திருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் போய்ப் பார்ப்பதற்கு இது உதவாது. பொது வார்டுதான் கிடைக்கும்.

ஆகவே என் பதில் உங்கள் தாளில் எழுதிய பெயரைப் பொறுத்தது. அது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோ, திருவாரூர் மருத்துவக் கல்லூரியோ, நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 2022-இல் ஒரத்தூரில் திறந்த மருத்துவக் கல்லூரியோ என்றால், அட்டை போதும். பாலிசிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். தனியார் மருத்துவமனைதான் என்று மனத்தில் முடிவு இருந்தால், அங்கே போய்க் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, “இதயத்துக்கு எடுப்பீர்களா? சிறுநீரகத்துக்கு?” என்று துறை துறையாகக் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்தால் தனி பாலிசியைப் பற்றி யோசியுங்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதில் தவறு இல்லை.

அட்டை வாங்குவது எப்படி?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று, குடும்ப அட்டை, வீட்டில் எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. நோய் வந்த பிறகு சான்றுக்கு அலைவது கொடுமை. உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். புதிதாக வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாத பெயர் காப்பீட்டிலும் வராது.

என் மகள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அது போதுமா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, உண்டு. அவள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். இவ்வளவு குறைந்த செலவில் கணவன், பிள்ளைகள், அவளையே நம்பியிருக்கும் பெற்றோர் வரை பார்க்கும் திட்டம் வேறு இல்லை. மகப்பேற்றுக்கும் நோய் விடுப்புக்கும் பணமும் உண்டு. வேலை இருக்கும் வரை தனி பாலிசி அவசரமில்லை. நம் பக்கம் இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் குறைவு என்பதால், எந்த மருந்தகத்தில் பெயர் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். கம்பெனி பாலிசியில் எங்களையும் சேர்த்திருக்கிறான். இன்னொன்று எதற்கு?

கம்பெனியின் குழு பாலிசி நல்லது. பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தருவது பெரும்பாலும் அதில்தான். வயதான பெற்றோருக்கு வெளியே கிடைக்காத வசதி அது. ஆனால் அது அவன் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனாலும், மாறினாலும், புதுக் கம்பெனி “பெற்றோருக்கு இல்லை” என்று சொன்னாலும், அந்த மாதத்தோடு உங்கள் பாதுகாப்பு நின்றுவிடும். அப்போது உங்களுக்கு அறுபத்தைந்து வயதாகியிருக்கும், கையில் மருந்துப் பை இருக்கும், வெளியில் புதிதாகச் சேர்ந்தால் காத்திருப்புக் காலம் அன்றுதான் எண்ணத் தொடங்கும்.

ஆகவே உங்கள் பெயரில் சிறிதாக ஒரு பாலிசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். கம்பெனி பாலிசி ஓடும் ஆண்டுகளில் இதன் காத்திருப்புக் காலம் கழிந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் தனியாகவா, குடும்பத்துக்கு மொத்தமாகவா?

குடும்ப பாலிசியில் ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்வீர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் இதுதான் சிக்கனம். நான்கு பேரும் ஒரே ஆண்டில் மருத்துவமனையில் படுப்பது அரிது.

வயதானவர்களை அதே பாலிசியில் சேர்ப்பதுதான் தவறு. நம் வீடுகளில் பாசத்தால் செய்யும் தவறு இது. “அப்பாவை விட்டுவிட்டு எடுத்தால் ஊர் என்ன நினைக்கும்?” என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டான். அப்பாவை விடச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தனியாக எடுக்கச் சொல்கிறேன். குடும்ப பாலிசியின் பிரீமியம் பெரும்பாலும் அதில் மூத்தவரின் வயதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாற்பத்தைந்து வயது மகனும் பிள்ளைகளும் இருக்கும் பாலிசியில் அறுபத்தெட்டு வயது அப்பா சேர்ந்தால், வீடு முழுவதும் அறுபத்தெட்டு வயதின் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதோடு, பங்குனியில் அப்பாவின் இதய சிகிச்சைக்கு 5 லட்சமும் தீர்ந்துபோய், ஆடியில் பையன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் தொகையில் மிச்சம் இருக்காது. தீர்ந்த தொகையை அதே ஆண்டில் மறுபடி நிரப்பித் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. அது எந்த நோய்க்கு, யாருக்கு, எத்தனை முறை என்று படித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பிள்ளை இளைஞனாக, நோயில்லாமல் இருக்கிறான் என்று அவன் பெயரை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். டெல்டா சாலைகளில் அடிபட்டு வருபவர்கள் எந்த வயதினர் என்று எந்த அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவிலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

இங்கேயும் தாளில் எழுதிய மருத்துவமனைதான் அளவுகோல். அங்கே இதயத்தில் ஸ்டென்ட் வைக்க எவ்வளவு, மூட்டு மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள். அந்தத் தொகைக்கு மேல் கொஞ்சம் வைத்து முடிவு செய்யுங்கள். தஞ்சாவூரோடு முடியும் குடும்பத்துக்கு 5 லட்சம் சுமாரான தொடக்கம் என்பது என் கருத்து. அதிலும் கூடுதல் வேண்டும், பிரீமியம் தாங்காது என்றால் சூப்பர் டாப்-அப் என்று ஒன்று உண்டு. அடிப்படை பாலிசி 5 லட்சம், அதற்கு மேல் 10 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டின் மருத்துவச் செலவு 8 லட்சமானால் முதல் 5 லட்சத்தை அடிப்படை பாலிசியும் மிச்சம் 3 லட்சத்தை டாப்-அப்பும் தரும். எப்போதோ வரும் பெரிய செலவுக்கு மட்டும் பொறுப்பேற்பதால் பிரீமியம் வெகுவாகக் குறைவு.

வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. முன்னது ஒவ்வொரு முறை படுப்பதையும் தனித்தனியாகப் பார்க்கும். பின்னது ஆண்டு முழுவதும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும். கேட்டு வாங்குங்கள்.

ரூம் வாடகை வரம்பு என்கிறார்களே, அது என்ன?

இதை என் அப்பாவின் பில்லில்தான் நான் கற்றேன். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. 3 லட்சம் ரூபாய் பாலிசி, ஐந்தாறு ஆண்டுகளாகத் தவறாமல் கட்டியது. அம்மா கூடப் படுக்க வேண்டுமே என்று ஜன்னல் வைத்த தனி அறை கேட்டோம். நாள் வாடகை 6,000 ரூபாய். “காப்பீடு இருக்கிறதல்லவா?” என்று கேட்ட சிப்பந்தி அறைச் சாவியைக் கொடுத்தார். பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளைக்குத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று இருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், மிச்சம் 3,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருப்போம்.

வீடு திரும்பும் நாளில், அம்மா தூக்குவாளியையும் போர்வையையும் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க, கவுண்டரில் ஐந்து பக்க பில்லைத் தந்தார்கள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வட்டமிட்டு ‘விகிதாசாரக் கழிவு’ என்று எழுதியிருந்தது. கணக்கு இப்படி: அறை வாடகை ஐந்து நாளுக்கு 30,000. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்ஸ் கட்டணம் சேர்த்து 1,20,000. மருந்துகளுக்கும் பரிசோதனைகளுக்கும் 50,000. மொத்தம் 2 லட்சம். அனுமதித்த வாடகையைப் போல் இரண்டு மடங்கு அறையில் தங்கியதால், வாடகையில் மட்டுமின்றி, டாக்டர் கட்டணத்திலும் அரங்குக் கட்டணத்திலும் பாதியைத்தான் தருவார்களாம். 15,000, அதோடு 60,000, மருந்தும் பரிசோதனையும் முழுதாக 50,000. கைக்கு வந்தது 1,25,000. நாங்கள் கட்டியது 75,000. அறையைச் சற்றுச் சிறிதாக எடுத்திருந்தால் அந்தப் பணம் வீட்டில் இருந்திருக்கும். அம்மா வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பா மட்டும் “ஜன்னல் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே” என்று நான்கைந்து முறை சொன்னார்.

ஆகவே வாங்கும்போது ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசியையோ, ‘தனி ஏசி அறை’ என்று வகையைச் சொல்லும் பாலிசியையோ பாருங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வரம்புள்ள பாலிசி ஏற்கெனவே கையில் இருந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அட்டையின் பின்புறம் ஒட்டி வையுங்கள். சேர்க்கும்போது “இந்த வாடகைக்குள் அறை கொடுங்கள்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. அவற்றிலும் கழித்திருந்தால் விடாமல் கேளுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பதைச் சொன்னால் பாலிசி தர மாட்டார்கள், மறைத்துவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்கிறார். சரியா?

தவறு. இதைச் சொல்லும் ஏஜெண்டிடம் எந்த பாலிசியும் வாங்க வேண்டாம்.

நம் பகுதியில் நாற்பதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலிலேயே மாத்திரை வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பதிவும், நீங்கள் வாங்கிய மருந்துச் சீட்டும், மருத்துவமனையில் சேரும்போது “எத்தனை வருடமாகச் சர்க்கரை?” என்று டாக்டர் கேட்டு எழுதும் குறிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். டாக்டரிடம் “பத்து வருடமாக” என்று உண்மையைச் சொல்வீர்கள். படிவத்தில் ‘இல்லை’ என்று இருக்கும். அந்த ஒரு வரியில் கிளெய்ம், அதாவது நீங்கள் பணம் கேட்டுக் கொடுக்கும் கோரிக்கை, போய்விடும், பாலிசியே ரத்தாகவும் வாய்ப்புண்டு.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். அந்த நோய்க்கு மட்டும் காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024-இலிருந்து அது அதிகபட்சம் மூன்று ஆண்டு, முன்பு நான்காக இருந்தது. மூன்றாண்டு பொறுத்தால் சர்க்கரையால் வரும் சிறுநீரகச் சிக்கலுக்கும் பணம் வரும். கூடுதல் பிரீமியம் கொடுத்தால் முதல் மாதத்திலிருந்தோ, ஓராண்டிலோ சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குப் பணம் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. தொடர்ந்து அறுபது மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, ‘நோயை மறைத்தார்’ என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது என்பதும் விதி. இதைத்தான் சில ஏஜெண்டுகள் “ஐந்து வருடம் தாண்டினால் ஒன்றும் கேட்க மாட்டார்கள்” என்று திரித்துச் சொல்கிறார்கள். தெரிந்தே மறைப்பதை மோசடி என்று வாதிட அவர்களுக்கு இடம் இருக்கிறது. அதோடு அந்த ஐந்து வருடத்துக்குள் நோய் வராமல் இருக்குமா?

படிவத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. எல்லாக் கேள்விகளையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாலிசி வந்ததும் அதில் உங்கள் நோய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

வேறு காத்திருப்புக் காலங்கள் உண்டா?

உண்டு. பாலிசி எடுத்த முதல் முப்பது நாளில் விபத்துக்கு மட்டும்தான் பணம். கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டாண்டு. மூட்டு மாற்றத்துக்குப் பல பாலிசிகளில் மூன்றாண்டு. அறுவடை முடிந்து கையில் பணம் வந்ததும் பாலிசி எடுத்து, அடுத்த மாதமே கண்புரை செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நோயைச் சொன்னவுடன் மொத்தமாகப் பணம் தரும் பாலிசியும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தருவதும் எப்படி?

முதலாவது தீவிர நோய் பாலிசி. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று பட்டியலில் உள்ள நோய் உறுதியானால் பேசிய தொகையை மொத்தமாகத் தரும். வேலைக்குப் போக முடியாத மாதங்களில் வீட்டை நடத்த அது உதவும். மருத்துவமனை பில்லுக்கு அதை நம்ப வேண்டாம். பாம்பு கடித்தால், கால் முறிந்தால் அதில் ஒன்றும் வராது. இரண்டாவது, மருத்துவமனையில் படுக்கும் நாளுக்கு 1,000 அல்லது 2,000 என்று தருவது. சம்பளம் இழக்கும் கூலித் தொழிலாளிக்குக் கொஞ்சம் ஆறுதல். இரண்டுமே துணைதான், அடிப்படை பாலிசி இல்லாதவர் இவற்றில் தொடங்கக் கூடாது.

வயலில் பாம்பு கடித்தால்? தென்னையிலிருந்து விழுந்தால்?

முதலில் 108. கண்ணாடி விரியனோ கட்டுவிரியனோ நல்லபாம்போ, எது கடித்தாலும் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும். அது இலவசம். காப்பீட்டு அட்டையைத் தேடி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பணத்தைப் பற்றி: வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையிலான எல்லோரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம், முழு ஊனத்துக்கு 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் அடங்கும். அப்போதே மருத்துவமனையில் பதிந்த சான்று வேண்டும். நாட்டு மருந்து பார்த்துவிட்டுப் பிறகு போனால் உயிருக்கும் ஆபத்து, சான்றும் இல்லாமல் போகும். இத்திட்டம் மருத்துவச் செலவைத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண்டுதோறும் ஜூன் 1-ஐ ஒட்டிக் கணக்கிலிருந்து பிடிப்பார்கள். மேட்டூர் அணை திறக்கும் பேச்சு அடிபடும் அதே நாட்கள். குறுவைச் செலவுக்கு எடுத்தது போகக் கணக்கில் 20 ரூபாயாவது மிச்சம் வையுங்கள். கணக்கில் பணம் இல்லாததால் விடுபட்டுப்போன ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன்.

சாலை விபத்துக்கு மாநில அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இனி யார் பாலிசி தருவார்கள்?

வயதைக் காரணம் காட்டிச் சேர்க்க முடியாது என்ற பழைய வரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் நீக்கிவிட்டது. ஆனால் பிரீமியம் கனமாக இருக்கும். பில்லில் 20 சதவீதமோ 30 சதவீதமோ நீங்களே கட்ட வேண்டும் என்ற கோ-பே நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அதைக் கழித்துப் பார்த்துக் கட்டுபடியாகிறதா என்று முடிவு செய்யுங்கள். எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும், 5 லட்சம் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரிவாக்கியது. உங்கள் தாளில் எழுதிய மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று அங்கே நேரில் கேளுங்கள்.

பிரீமியம் கட்டுவதற்குச் சரியான மாதம் எது?

பட்டணத்துக்காரர் யாரும் இதைக் கேட்க மாட்டார். நமக்கு இது பெரிய கேள்வி. ஏஜெண்ட் ஆடி மாதம் வந்தால் ஆடியில் எடுக்கிறோம். ஆண்டுதோறும் ஆடியில் புதுப்பிக்க வேண்டும். அப்போதுதான் விதைக்கும் நடவுக்கும் கையில் உள்ளதெல்லாம் போயிருக்கும். கெடு தாண்டும், பாலிசி காலாவதியாகும், கழிந்த காத்திருப்பு ஆண்டுகள் எல்லாம் வீண். நான் பார்த்தவரை நம் ஊர்களில் பாலிசிகள் கைவிட்டுப் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் பாலிசியைத் தொடங்குங்கள். இல்லையென்றால் மாதத் தவணையோ காலாண்டுத் தவணையோ கேளுங்கள். ஆண்டு பிரீமியத்துக்குக் கெடு தாண்டி 30 நாள் சலுகை உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. பழைய தொகையையே யாராவது கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்தே எங்களுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், பிரீமியத்தையும் அவனே கட்டலாம். ஆனால் பதிவு செய்யும் தொலைபேசி எண் ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ராத்திரியில் நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தி கூத்தாநல்லூரில் படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் வர வேண்டும். அவன் அங்கே தூங்கிக்கொண்டிருப்பான்.

ரொக்கமில்லாச் சிகிச்சை என்றால் கையில் பணமே வேண்டாமா?

பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும், ஆனாலும் கொஞ்சம் வேண்டும். கையுறை, பஞ்சு போன்ற சில்லறைப் பொருட்களைப் பல பாலிசிகள் தராது. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில் அட்டையைக் காட்டினால், அவர்கள் அனுப்பும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. அதற்கு மேல் தாமதித்துக் கூடும் வாடகையை நிறுவனமே ஏற்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனை என்றால் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். எல்லா பில்லின் மூலப் பிரதி, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, வீடு திரும்பும் குறிப்பு எல்லாம் வேண்டும். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள நிறுவனம் பிடிக்கவில்லை. மாறலாமா?

மாறலாம். புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். கழிந்த காத்திருப்புக் காலம், பழைய தொகை அளவுக்குக் கூடவே வரும். புது நிறுவனம் எழுத்தில் சம்மதிக்கும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளைப் பார்க்கிறார்கள். நானே இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்குப் பணம் வந்தது. மற்றவர் படிவத்தில் நோயை மறைத்திருந்தார்; அவருக்கு வரவில்லை.

காகிதங்களை எங்கே வைப்பது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், திருத்துறைப்பூண்டியைத் தாண்டி என் அத்தை வீட்டுக்குப் போனேன். ஓடு பறந்துபோயிருந்தது. இரும்புப் பெட்டிக்குள் இருந்த பத்திரம், குடும்ப அட்டை, பாலிசி எல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வாழை மட்டையில் காய வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாலிசியின் முதல் பக்கமும் காப்பீட்டு அட்டையும் நெகிழி உறையில் ஒட்டப்பட்டு, படமாக மூன்று பேருடைய கைபேசியிலும் இருக்கின்றன. பாலிசி எண், நிறுவனத்தின் தொலைபேசி, ரூம் வாடகை வரம்பு, போக வேண்டிய இரண்டு மருத்துவமனைகள் ஆகியவற்றை அலமாரிக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணாடி போடாமல் அம்மாவால் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடினேன்.